பழைய லாக்டைட் படிந்த ஸ்க்ரூவும் நிலைக்காத ஸ்கோப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ரைஃபிளின் குறி இரண்டு மாதமாக நிலைக்காமல் அலைந்தது. அதற்காக ஒரு நல்ல ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மேசை டிராயருக்குள் போனது, இன்னொன்று 400 டாலர் கொடுத்து வாங்கப்பட்டது. கடைசியில் பார்த்தால் ஸ்க்ரூவின் மரைக்குள் காய்ந்து கிடந்த பழைய நீல லாக்டைட், அதாவது ஸ்க்ரூ தானாகக் கழலாமல் இருக்கத் தடவும் பசைதான் காரணம். நாங்கள் என்ன பார்த்தோம், எதை அளந்தோம், எப்படிச் சுத்தம் செய்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டும் யாருக்கும் இது நடக்கலாம், நடந்தாலும் ஸ்க்ரூ மேல் சந்தேகமே வராது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோவுக்கு மேற்கே. ரைஃபிள் என்னுடையது இல்லை, தம்பி மாதிரிப் பழகும் நண்பனுடையது. ரெமிங்டன் 700, .308 வின்செஸ்டர் தோட்டா போடுவது, பழையதாக ஒருவரிடம் வாங்கியது. மேலே ஒரே துண்டாக ஒரு பிக்கட்டினி ரெயில் (ஸ்கோப்பைத் தாங்கும் இரும்புப் பட்டை), அதைப் பிடிக்க நான்கு 6-48 ஸ்க்ரூ, ரெயில் மேல் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு ரிங், ரிங்குக்குள் ஒரு 3-9x40 ஸ்கோப். இங்கே காட்டுப்பன்றி பெரிய தொல்லை. 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் அதைச் சுட லைசென்ஸ்கூடத் தேவையில்லை. அதனால் இந்த ரைஃபிள் மான் சீசனுக்கு மட்டும் வெளியே வருவது இல்லை, வருஷம் முழுக்க பிக்கப் டிரக்கில் கல்பாதையில் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகஸ்டில்தான் முதலில் கூப்பிட்டான். 100 கெஜத்தில் முதல் 5 தோட்டா ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்திருக்கிறது, அந்த ரைஃபிளுக்கு அது வழக்கமான குரூப் (தோட்டாக்கள் சேர்ந்து விழும் பரப்பு). அடுத்த 5-ல் மூன்று அதே இடத்தில், இரண்டு மட்டும் 4 அங்குலம் இடப்பக்கம் தள்ளி. மறுபடி ஸீரோ பண்ணியிருக்கிறான், அதாவது குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருத்தியிருக்கிறான். அடுத்த வாரம் போனால் இப்போது வலப்பக்கம் 4 அங்குலம்.

"அண்ணே, ஸ்கோப்புக்கு உள்ள ஏதோ உடைஞ்சிருச்சு போல. புதுசு போட்டுரலாம்னு இருக்கேன்" என்றான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன், அப்போது கொஞ்சம் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். புது ஸ்கோப் வந்தது. அதே ரெயில், அதே ரிங், அதே ஸ்க்ரூ. ரெயில் ஸ்க்ரூ லேசாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, முன்னால் இருந்த இரண்டையும் கழற்றி, மேலே இன்னொரு சொட்டு நீல லாக்டைட் வைத்து, டார்க் ரெஞ்சை (திருகும் விசையை அளந்து இறுக்கும் கருவி) 20 இன்ச்-பவுண்டில் வைத்து கிளிக் சத்தம் வரும்வரை இறுக்கியிருக்கிறான். நான்கு வாரம் கழித்து மறுபடி போன். "அண்ணே, இதுவும் அதே மாதிரி ரெண்டு இடத்துல அடிக்குது."

அந்த 'ரெண்டு இடத்துல' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருந்தது. ஸ்கோப்புக்குள் ஸ்பிரிங் போனால் குறி கண்டபடி சிதறும், அல்லது ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே போகும். இங்கே அப்படி இல்லை. இரண்டே இடம், நடுவில் சுத்தமான இடைவெளி. இரண்டு வேறு ஸ்கோப்பிலும் அதே 4 அங்குலம். ஏதோ ஒரு பொருள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே தட்டிக்கொண்டு நகர்கிறது என்றுதான் அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கெஜம் என்றால் 3,600 அங்குலம், அதில் 4 அங்குலம் விலகல். ரெயிலின் நீளம் சுமார் 140 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு முனை மட்டும் 0.15 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இதே கோணம் வந்துவிடும். ரெயிலில் ஸ்க்ரூ நுழையும் துளைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி தாராளமாக இருக்கும்.

எனக்கு இதில் கோபம்கூட வந்தது, அவன் மேல் இல்லை, நிலைமை மேல். 100 கெஜத்தில் 4 அங்குலம் என்பது 200 கெஜத்தில் 8. இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும், அந்த மான் சாகாமல் புதருக்குள் ஓடிப்போய் ராத்திரி முழுக்கக் கிடக்கும். அதனால் இது சரியாகும்வரை ரைஃபிளை வெளியே எடுக்காதே என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

நான் வேலை செய்வது ஒரு மெஷின் ஷாப்பில், அதனால் அளக்கிற சாமான் கையில் இருந்தது. முதலில் மேகசினைக் காலி செய்து, போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க எனக்கு மனசு வராது. அப்புறம் மற்ற சந்தேகங்களை விலக்கினேன். தோட்டா எல்லாம் ஒரே லாட். தோளில் ஊன்றும் கட்டையான ஸ்டாக்கைப் பிடிக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு தடையில்லாமல் போய் வந்தது. ஸ்கோப் குழாயில் ரிங் வழுக்கிய கீறல் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது ரெயில்.

டயல் வைத்த ஒரு சின்ன டார்க் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது, இறுக்கும்போதும் கழற்றும்போதும் எவ்வளவு விசை போகிறது என்று முள் காட்டும். பின்னால் இருந்த இரண்டு ஸ்க்ரூவும் 20-ஐத் தாண்டித்தான் அசைந்தன. முன்னால் இருந்த இரண்டும் 8-லும் 9-லும் கழன்றுவிட்டன. பொதுவாக வெறும் ஸ்க்ரூவைக் கழற்ற, இறுக்கியதைவிடக் கொஞ்சம் குறைந்த விசை போதும், அது இயல்பு. ஆனால் லாக்டைட் போட்டு ஒரு மாதம் ஆன ஸ்க்ரூ பாதி விசைக்கும் கீழே கழன்று வருவது இயல்பே இல்லை.

கழற்றிய ஸ்க்ரூவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 6-48 என்றால் ஒரு அங்குலத்துக்கு 48 மரை, ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்தப் பள்ளம் முழுக்க நீலமாகச் சுண்ணாம்பு பூசிய மாதிரி அடைத்திருந்தது. அடியில் கறுத்துப்போன ஒரு பழைய அடுக்கு, அது முந்தைய உரிமையாளர் காலத்தது. மேலே வெடித்து வெள்ளையாக உதிர்ந்த இன்னொரு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, தலைக்குப் பக்கத்தில், இவன் ஒரு மாதத்துக்கு முன்பு வைத்த சொட்டு. அதை நகத்தால் தொட்டால் இன்னும் பிசுபிசுத்தது. ரெயிலில் ஸ்க்ரூ தலை உட்காரும் குழியிலும் நீலச் செதில் அமுங்கிக் கிடந்தது.

அடுத்து செய்த சின்னப் பரிசோதனைதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. ரெயிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். ரிசீவரில் (ரெயில் உட்காரும் ரைஃபிளின் இரும்பு உடல்) வெறும் ஓட்டை மட்டும். அந்த அழுக்கு ஸ்க்ரூவை அப்படியே அதே ஓட்டையில் விட்டுத் திருகினேன். தலைக்கு அடியில் எதுவும் இல்லை, அது எதையும் இறுக்கவும் இல்லை, சும்மா உள்ளே போகிறது. அதற்கே முள் 6-க்கும் 7-க்கும் இடையில் நின்றது.

அதாவது இவன் 20-ல் கிளிக் கேட்டபோது அதில் 7, பழைய பசையை அரைத்துக்கொண்டு போவதற்கே செலவாகிவிட்டது. ரெயிலைப் பிடிக்கப் போனது 13 மட்டும். டார்க் ரெஞ்சுக்கு இது தெரியாது, திருகுவதற்கு மொத்தம் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும், அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. காய்ந்த சுத்தமான இரும்பு ஸ்க்ரூவின் இறுக்கக் கணக்கில், உராய்வை எல்லாம் சேர்த்து வழக்கமாக எடுக்கும் எண் 0.2, ஸ்க்ரூவின் விட்டம் 0.138 அங்குலம். இதை வைத்துப் பார்த்தால் 20 இன்ச்-பவுண்டுக்கு ஒரு ஸ்க்ரூ சுமார் 725 பவுண்டு பிடி கொடுக்க வேண்டும். 13-க்கு அது சுமார் 470. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

அதைவிட மோசம் தலைக்கு அடியில் கிடந்த செதில். நாம் ஸ்க்ரூவை இறுக்கும்போது அது ஒரு ஸ்பிரிங் மாதிரி லேசாக நீள்கிறது, அந்த நீட்சிதான் பிடி. ஸ்கோப் ரெயில் ஸ்க்ரூ ரொம்பக் குட்டையானது, முழுசாக இறுக்கினாலும் அது நீள்வது தோராயமாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். அவ்வளவு சின்ன நீட்சியின் மேல் நிற்கும் பிடிக்கு அடியில் ஒரு பசைச் செதில் கிடந்து, .308-ன் உதையில் அது நொறுங்கி அமுங்கினால், மிச்சப் பிடியும் போய்விடும். ஸ்க்ரூ வெளியே பார்க்க அப்படியே இருக்கும். கையால் ரெயிலை ஆட்டினாலும் ஆடாது. சுடும்போது மட்டும் நகரும்.

சரி, மேலே வைத்த புதுச் சொட்டு ஏன் ஒரு மாதமாகியும் காயவில்லை? இங்கே லாக்டைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் க்ரீபிள் 1953-ல் உருவாக்கியது இது. காற்று பட்டால் காய்வது மற்றப் பல பசை, இது காற்று இல்லாத இடத்தில் காய்வது. ஆக்ஸிஜன் இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோக மரைக்கு நடுவில் மாட்டிக் காற்று தீர்ந்ததும், உலோகத்தின் அயனிகள் தூண்டிவிட, இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடும். லாக்டைட் பாட்டிலை ஏன் முழுசாக நிரப்புவதில்லை என்று நிறையப் பேர் கேட்பார்கள். உள்ளே காற்று வேண்டும், இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். இந்த ஸ்க்ரூவில் புதுத் திரவத்துக்குத் தொட வெறும் இரும்பே கிடைக்கவில்லை. சுற்றிலும் பழைய பிளாஸ்டிக், அதன் மேல் துப்பாக்கி எண்ணெய். போதாததற்கு, காயாத திரவம் எண்ணெய் மாதிரி வழுக்கும்.

இனி சுத்தம் செய்தது. ரிங் ஸ்க்ரூவையும் ரெயில் ஸ்க்ரூவையும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில், தகர மூடி போட்டு, அசிட்டோனில் ஊறவைத்தேன். பத்து நிமிஷத்தில் ரிங் ஸ்க்ரூ இரண்டில் இருந்து இளஞ்சிவப்பாக ஏதோ கரைந்து ஓடியது. அது நெயில் பாலிஷ், யாரோ லாக்டைட்டுக்குப் பதிலாகத் தடவியிருக்கிறார்கள். நெயில் பாலிஷ் அசிட்டோனில் உடனே கரையும். நன்றாக இறுகிய லாக்டைட் கரையாது, ஊறி லேசாக இளகும், அவ்வளவுதான். அசிட்டோனில் போட்டும் போகவில்லையே என்று கைவிட வேண்டாம், ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். இளகிய பிறகு கையால்தான் எடுக்க வேண்டும்.

மெத்திலீன் குளோரைடு வைத்தால் சீக்கிரம் போகும், உண்மைதான். ஆனால் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும், அமெரிக்காவில் 2024-ல் அதைப் பொதுமக்கள் பயன்பாட்டில் இருந்து விலக்கும் விதியே வந்துவிட்டது. எட்டு ஸ்க்ரூவுக்காக அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அசிட்டோனும் சாதாரணம் இல்லை, அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். அதனால் வாசல் திறந்து வைத்து, பக்கத்தில் ஹீட்டர், சால்டரிங் அயர்ன் எதுவும் இல்லாமல் செய்தேன். மெல்லிய நைட்ரைல் கையுறை அதில் சீக்கிரம் ஊறிப்போகும், போட்டுக்கொண்டு பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஸ்டாக்கின் பாலிஷ், ரப்பர், பிளாஸ்டிக் எதன் மேலும் சொட்டவே விடக் கூடாது.

மறுநாள் காலை ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தலையில் பிடித்துக்கொண்டு, பித்தளை பிரஷால் மரை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். மேல் அடுக்கு பொடியாக உதிர்ந்தது. அடியில் கறுத்திருந்தது போகவில்லை. பல்குச்சி அந்தப் பள்ளத்துக்குள் போகாது, தையல் ஊசிதான் போகும். ஊசி முனையைப் பள்ளத்தில் வைத்து ஸ்க்ரூவை மெல்லச் சுழற்றினால் பசை நூல் மாதிரி சுருண்டு வெளியே வருகிறது, சில இடத்தில் ஒரு சுற்று முழுசாக அப்படியே கழன்று வந்தது. பார்க்க அவ்வளவு திருப்தி. கம்பி வீல் வைத்து மெஷினில் தேய்ப்பவர்கள் உண்டு, மரையின் முனை மழுங்கிவிடும் என்பதால் நான் செய்வதில்லை. இரும்பின் மேல் லேசான நீலக் கறை நின்றால் பரவாயில்லை. பொடியும் செதிலும்தான் நிற்கக் கூடாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் புது ஸ்க்ரூ வாங்கிவிடலாமே என்று கேட்டால், வாங்கலாம், ஒரு செட் சில டாலர்தான், தலை கொஞ்சம் தேய்ந்திருந்தாலே நான் வாங்கத்தான் சொல்வேன். நானும் முன்னால் போட இரண்டு புதிது வாங்கினேன். ஆனால் புது ஸ்க்ரூ போகப்போவது அதே பழைய ஓட்டைக்குள். பசையில் பாதி ரிசீவரின் மரைக்குள் இருக்கிறது. ஸ்க்ரூவைத் தூக்கிப் போடலாம், ரிசீவரைத் தூக்கிப் போட முடியாது. அதனால் நான் அதிக நேரம் செலவழித்தது ஓட்டையில்தான்.

கூரான புது டாப்பை (மரை வெட்டும் கருவி) உள்ளே விட எனக்கு விருப்பம் இல்லை. அவ்வளவு நுண்ணிய மரையில் லேசாகச் சாய்ந்து நுழைந்தாலும் இரும்பையே சீவிவிடும். அதற்குப் பதில் பழைய 6-48 ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, அதன் உடலில் நுனியில் இருந்து நீளவாக்கில் மெல்லிய அரத்தால் இரண்டு காடி வெட்டினேன், பிசிறை எல்லாம் தேய்த்து எடுத்தேன். சாதாரண ஸ்க்ரூதான், ஆனால் பசையைச் சுரண்டிக் காடிக்குள் சேர்த்துக்கொள்ளும், இரும்பைத் தொடாது. ரைஃபிளைத் தலைகீழாகத் தாங்கியில் வைத்தேன், பொடி ஆக்‌ஷனுக்குள் விழாமல் கீழே விழட்டும் என்று. உள்ளே ஒரு துணியைச் சுருட்டித் திணித்தேன். அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஓட்டையை நனைத்து, காடி ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று விட்டேன். வெளியே எடுத்தபோது இரண்டு காடியிலும் நீல மாவு நிரம்பியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி. முன் ஓட்டைகளுக்கு ஐந்தாறு முறை. எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் ஓட்டையின் அடியைப் பேரல் மூடியிருப்பதால் அங்கே பொடி வெளியேற வழியில்லாமல் கட்டியாக அடைத்திருந்தது, அதை ஊசியால் கிளறித்தான் எடுக்க முடிந்தது. பின் ஓட்டைகள் போல்ட் ஓடும் வழிக்குத் திறப்பவை, அங்கே நீளமான ஸ்க்ரூ போட்டால் போல்ட்டில் உரசும். அதனால் எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையுடையது என்று முதலிலேயே ஒரு அட்டையில் குத்தி வைத்திருந்தேன்.

ரெயில் குழிகளையும் ஒரு மரக்குச்சியால் சுரண்டினேன். திருப்பும் விசையில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்வாகத்தான் போகிறது, அந்த இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். ரெயிலின் அடிப்பக்கம், ரிசீவரின் மேல்பக்கம் இரண்டையும் அசிட்டோன் துணியால் துடைத்தேன்.

அப்புறம் அதே பரிசோதனை. ரெயில் இல்லாமல் வெறும் ஓட்டையில் ஸ்க்ரூ. டிரைவரே தேவைப்படவில்லை, இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினேன், கடைசி மரைவரை போய் நின்றது. தம்பியைக் கூப்பிட்டு அவனையே திருகச் சொன்னேன். "இவ்வளவு லேசாப் போகுமா அண்ணே?" என்று மூன்று முறை வெளியே எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

மாட்டும்போது ரெயில் ஸ்க்ரூவுக்கு மட்டும் நீல லாக்டைட், அதுவும் ஊசி முனையில் எடுத்த அளவு, மரையின் நடுவில். அதிகம் வைத்தால் வழிந்து போல்ட் பக்கம் போகும். இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா நிற லாக்டைட் 222-தான் இன்னும் பொருத்தம், சிவப்பு வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு காட்ட வேண்டிவரும், ரிசீவரில் நெருப்பு காட்டுவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஈரமான லாக்டைட் வழுக்கும் என்பதால் 20-க்கு மேல் ஒரு புள்ளியும் போகவில்லை. ரிங் மேல் மூடிக்கு எதுவுமே போடவில்லை, காய்ந்த மரை, மாற்றி மாற்றிக் குறுக்காக 18. ரிங்கில் லாக்டைட் போடும் பழக்கம் தவறு என்பது என் கருத்து. வழுக்கலால் அதே 18-க்கு அதிகமாக இறுகி ஸ்கோப் குழாயையே நெரித்துவிடும். எல்லா ஸ்க்ரூ தலையிலிருந்தும் ரெயில்வரை வெள்ளை பெயின்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்து, 24 மணி நேரம் தொடாமல் விட்டோம்.

அந்த வார இறுதியில் 100 கெஜத்தில் ஐந்து ஐந்தாக 20 தோட்டா, நடுவில் பேரல் ஆறவிட்டு. நான்கு குரூப்பும் ஒரே இடத்தில், பெரியது 1.4 அங்குலம். ரைஃபிளை டிரக்கில் போட்டு மூன்று வாரம் அவன் வழக்கமான கல்பாதையில் ஓட்டினான். மொத்தம் 80 தோட்டா ஆனபிறகு மறுபடி பார்த்தோம், குறி அங்கேயே, வெள்ளைக் கோடு எதுவும் உடையவில்லை. டிராயரில் கிடந்த பழைய ஸ்கோப்பை எடுத்து அவனுடைய .22-வில் மாட்டினோம், அதில் ஒரு குறையும் இல்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் தொடங்கும் முன்னால் ஒரு தடவை கோட்டைப் பார்த்துவிட்டு, மூன்று தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். காடி வெட்டிய அந்த ஸ்க்ரூ இப்போது அவன் டூல் பாக்ஸில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது, மேலே 6-48 என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.